கைமாறிய கம்பீரம் - 11: வீடு ஒருவருக்கு, விலாசம் ஒருவருக்கு

சென்ற வாரம் விட்ட இடம் ஞாபகமிருக்கும். 1997 அக்டோபரில் விக்கர்ஸ் நிறுவனம், தன்னிடமிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் கார் கம்பெனியை விற்கப்போவதாக அறிவித்தது. ராணுவ டாங்கிகளும் கப்பல்களுக்கான உந்திகளும் செய்யும் நிறுவனம் அது. பதினேழு ஆண்டுகளாகக் கட்டிக்காத்த சொத்தை ஏன் விற்கிறது என்பதையும் பார்த்தோம். 1990ல் சுமார் 3,300 கார்கள் விற்ற கம்பெனி, இரண்டே ஆண்டுகளில் 1,400க்குச் சரிந்தது. புதிதாக ஒரு இன்ஜினைச் சொந்தமாக உருவாக்கக்கூடக் கையில் பணமில்லை. 1994 டிசம்பரில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவிடம் இன்ஜின் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது.

அந்த இன்ஜின் ஒப்பந்தத்தை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். இந்த வாரக் கதையில் அது கத்தியாக மாறப்போகிறது.

* * *

34 கோடி பவுண்டு

1998 மார்ச் மாதம் ஜெனீவா கார் கண்காட்சியில் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் செராஃப் அறிமுகமானது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முழுக்கப் புதிதாக வந்த ரோல்ஸ்-ராய்ஸ். நீண்ட பானெட்டின் நுனியில் அதே சிறகு விரித்த பெண்சிலை. பானெட்டைத் திறந்தால் உள்ளே பிஎம்டபிள்யூவின் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின்.

மேலே இங்கிலாந்து, உள்ளே பவேரியா. விற்பனைக்கு நிற்கும் கம்பெனியின் நிலைமையை அந்தக் கார் ஒன்றே சொல்லிவிட்டது.

அந்த மாதம் 30ஆம் தேதி விக்கர்ஸ் தன் முடிவை அறிவித்தது. 34 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூ வாங்குகிறது.

யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. இன்ஜின் கொடுப்பவரே வீட்டையும் வாங்கிக்கொள்வது இயல்பாகத்தான் தோன்றியது. பிஎம்டபிள்யூவின் தலைவர் பெர்ண்ட் பிஷெட்ஸ்ரீடர் ஆங்கிலேயக் கார்கள் மீது உண்மையான பிரியம் உள்ளவர். மினி காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் அவருக்குத் தூரத்துச் சொந்தம். 1994ல் 80 கோடி பவுண்டு கொடுத்து ரோவர் கம்பெனியை வாங்கியதும் அவர்தான். ஆங்கிலேயரின் கார்த் தொழிலை அவர் மதிப்பார் என்று, ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலை இருந்த கிரூ நகரத் தொழிலாளர்கள் நம்பினார்கள்.

விலை பேசி, கைகுலுக்கியும் ஆயிற்று. பத்திரப்பதிவு மட்டும்தான் பாக்கி.

அந்த இடைவெளியில் ஒருவர் உள்ளே நுழைந்தார்.

* * *

வோல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்

ஃபெர்டினாண்ட் பியெக். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரத்து ஃபோக்ஸ்வாகனின் தலைவர். பீட்டில் காரை உருவாக்கிய ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் வயிற்றுப் பேரன். பொறியாளராகவே வளர்ந்தவர். லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற போர்ஷே 917 காருக்கும், நான்கு சக்கரங்களிலும் விசை செலுத்தும் ஆடி குவாட்ரோவுக்கும் பின்னால் இருந்தவர். 1993ல் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது ஃபோக்ஸ்வாகன் நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதை நிமிர்த்திவிட்டார்.

நிமிர்ந்த கம்பெனிக்கு மகுடம் தேடினார் அவர். அதே 1998ல்தான் லம்போர்கினியும் புகாட்டி என்ற பெயரும் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் வந்தன. சாதாரண மனிதன் வாங்கும் கார் முதல் அரசர்கள் வாங்கும் கார் வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

மே மாதத் தொடக்கத்தில் அவர் விலை சொன்னார். 43 கோடி பவுண்டு.

பிஎம்டபிள்யூ சொன்னதைவிட 9 கோடி அதிகம். விக்கர்ஸ் இயக்குநர்கள் முந்தைய கைகுலுக்கலை விட்டுவிட்டு, ஃபோக்ஸ்வாகனின் விலையை ஏற்கும்படி பங்குதாரர்களுக்குப் பரிந்துரைத்தார்கள்.

அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பங்குதாரரின் பணத்துக்குக் காவலாக இருப்பவர் அதிக விலையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கிரூவில் வேலை செய்தவர்களுக்கு அந்த மே மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மாதம் முன்பு மாப்பிள்ளை வீடு என்று காட்டப்பட்டது ஒன்று, இப்போது காட்டப்படுவது வேறொன்று. பெண்ணை யாரும் கேட்கவில்லை.

* * *

கிரூ

இங்கிலாந்தின் வடமேற்கே செஷயர் வட்டாரத்தில் இருக்கிறது கிரூ. ரயில்வே சந்திப்பைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலை 1938ல் எழும்பியது. கார் செய்வதற்காக அல்ல. மூளவிருந்த போருக்கு மெர்லின் விமான இன்ஜின்கள் தேவைப்பட்டன. ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் வானில் ஏற்றியவை அந்த மெர்லின்கள்.

1940 டிசம்பர் 29 அன்று ஒரு ஜெர்மன் விமானம் அந்தத் தொழிற்சாலை மீது குண்டு வீசியது. பதினைந்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே தொழிற்சாலையை வாங்க இரண்டு ஜெர்மன் கம்பெனிகள் போட்டியிடுகின்றன. அதில் ஒன்றான பிஎம்டபிள்யூ, போர்க்காலத்தில் ஃபோக்க-வுல்ஃப் 190 போர் விமானத்துக்கு இன்ஜின் செய்தது. மெர்லினும் அந்த இன்ஜினும் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே நேருக்கு நேர் மோதியவை. ஊரில் பழைய ஆட்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். லண்டன் பத்திரிகைகள் எழுதிய ஆவேசத் தலைப்புகளைப் படிக்கும்போது இந்த நினைவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1945ல் வோல்ஃப்ஸ்பர்க்கில் குண்டுபட்டுக் கிடந்த ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையை மறுபடி ஓடவைத்தவர் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். பிரிட்டிஷ் ராணுவம் 20,000 பீட்டில் கார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு பிரிட்டிஷ் கார் முதலாளிகளுக்கு வந்தபோது, வந்து பார்த்தவர்கள் இந்தக் கார் தேறாது என்று திரும்பிப் போனார்கள்.

போருக்குப் பிறகு, 1946 முதல், கிரூ கார் செய்யத் தொடங்கியது. ரோல்ஸ்-ராய்ஸும், 1931ல் திவாலான நிலையில் வாங்கப்பட்ட பென்ட்லியும் ஒரே கூரையின் கீழ் உருவாயின. ஒரே சட்டகம், ஒரே இன்ஜின், ஒரே தோல் இருக்கை. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டுக்கும் முகப்பில் மட்டுமே வித்தியாசம்.

அந்த முகப்பைச் செய்தவர்கள் ஒரு சில பேர். ரோல்ஸ்-ராய்ஸின் கிரில் பார்ப்பதற்கு நேர்கோடுகளால் ஆன பழைய கிரேக்கக் கோயில் முகப்பு போலிருக்கும். உண்மையில் அதில் நேர்கோடே கிடையாது. நேராக இருந்தால் கண்ணுக்கு வளைந்து தெரியும் என்பதால், நேராகத் தெரியும்படி லேசாக வளைத்திருப்பார்கள். அளவுகோல் வைத்துச் செய்யும் வேலை இல்லை, கண் பார்த்துக் கை செய்யும் வேலை. இருக்கையின் தோல், டாஷ்போர்டின் வால்நட் மரப் பலகை எல்லாமே அப்படித்தான். ஒரே மரத்துண்டிலிருந்து சீவிய மெல்லிய ஏடுகளை இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம்போல ஒட்டி அமைப்பார்கள்.

அப்பாவிடமிருந்து மகன் கற்ற வேலைகள் இவை. விக்கர்ஸின் கணக்குப் புத்தகத்தில் இதற்கு எந்த வரியிலும் மதிப்புப் போடவில்லை.

* * *

ஜூன் 5

1998 ஜூன் 5 அன்று லண்டனில் விக்கர்ஸ் பங்குதாரர்கள் கூடினார்கள்.

கூட்டத்துக்கு முன்பே எதிர்ப்பு கிளம்பியிருந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, கம்பெனியை ஆங்கிலேயர் கையிலேயே வைத்திருக்கப் பணம் திரட்டப் பார்த்தார்கள். ஆர்வம் இருந்த அளவுக்கு அவர்களிடம் பணம் இல்லை. விக்கர்ஸ் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. டோனி பிளேரின் அரசும் தலையிடவில்லை.

தலையிட என்ன மிச்சமிருந்தது? ஆஸ்டன் மார்ட்டின் 1987ல் அமெரிக்காவின் ஃபோர்டிடம் போயிற்று. ஜாகுவார் 1989ல் அதே ஃபோர்டிடம். ரோவரும் மினியும் லேண்ட் ரோவரும் 1994ல் பிஎம்டபிள்யூவிடம். லோட்டஸ் 1996ல் மலேசியாவின் புரோட்டானிடம். கதவு பத்து வருடமாகத் திறந்தே கிடந்தது. கடைசிப் பாத்திரம் வெளியே போகும்போதுதான் வீட்டார் குரலெழுப்பினார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பான்மையோர் ஃபோக்ஸ்வாகனுக்கே ஆதரவளித்தார்கள்.

ஜூலை தொடக்கத்தில் கிரயம் முடிந்தது. கிரூ தொழிற்சாலை, அங்கிருந்த தொழிலாளர்கள், கார்களின் வரைபடங்கள், பென்ட்லி என்ற பெயர், ரோல்ஸ்-ராய்ஸின் அந்த கிரில் வடிவம், பானெட் நுனியில் நிற்கும் பெண்சிலை எல்லாம் ஃபோக்ஸ்வாகனுக்கு வந்து சேர்ந்தன. கோஸ்வொர்த் என்ற புகழ்பெற்ற இன்ஜின் நிறுவனத்தையும் விக்கர்ஸிடமிருந்தே அது வாங்கிக்கொண்டது.

ஒன்று மட்டும் வரவில்லை.

ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர்.

* * *

வில்லங்கம்

நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்குகிறவர்கூட முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். அடமானம் உண்டா, பாகப்பிரிவினை வழக்கு உண்டா, முந்தைய பத்திரத்தில் ஏதாவது நிபந்தனை எழுதியிருக்கிறார்களா என்று முப்பது வருடக் கணக்கைத் துருவுவார்.

ரோல்ஸ்-ராய்ஸுக்கு வில்லங்கம் போட்டால் 27 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1971 பிப்ரவரி 4.

இத்தொடரின் ஆறாவது பகுதியில் அந்த நாளைத் தொட்டுச் சென்றோம். இப்போது நிதானமாக நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று ரோல்ஸ்-ராய்ஸ் ஒரே நிறுவனம். விமான இன்ஜின் செய்தது, காரும் செய்தது. கார் லாபம் தந்தது, விமான இன்ஜின் மூழ்கடித்தது. அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தின் டிரைஸ்டார் பயணி விமானத்துக்கு ஆர்பி211 என்ற புதிய இன்ஜினைச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. இன்ஜினின் விசிறி இதழ்களைக் கார்பன் இழையில் செய்ய முயன்று தோற்றது. பறவை மோதினால் இதழ் தாங்கவில்லை. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு ஏறிக்கொண்டே போனது, ஒப்புக்கொண்ட விலை மட்டும் அப்படியே நின்றது.

பிப்ரவரி 4 அன்று கம்பெனி திவாலானது. பிரிட்டனின் பெருமை என்று சொல்லப்பட்ட பெயர், கடன்காரர்கள் சார்பில் வந்த ரூபர்ட் நிகல்சன் என்ற கணக்காளரின் கைக்குப் போனது.

விமான இன்ஜின் தொழிலை இழக்க பிரிட்டிஷ் அரசால் முடியாது. ராணுவ விமானங்கள் அதை நம்பியிருந்தன. எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் அரசு, தன் கொள்கைக்கு விரோதமாக, அந்தப் பகுதியை நாட்டுடைமை ஆக்கியது. கார்ப் பகுதி தனியாக நின்றது. 1973ல் ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டார்ஸ் என்று தனிக் கம்பெனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது.

ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பாகப்பிரிவினையில் நிலம், வீடு, மாடு எல்லாம் பிரிக்கலாம். குடும்பப் பெயரை எப்படிப் பிரிப்பது?

அவர்கள் செய்த ஏற்பாடு இது. ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரின் மீதான உரிமை விமான இன்ஜின் நிறுவனத்திடம் இருக்கும். கார் கம்பெனி அதைக் காருக்குப் போட்டுக்கொள்ள உரிமம் பெறும். பெயரும், இரண்டு ஆர் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்த முத்திரையும் அண்ணனுக்கு. தம்பி அவற்றைப் பயன்படுத்தலாம், அவ்வளவே. கார் கம்பெனி வெளியார் கைக்குப் போனால், அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல இடமுண்டு.

கார் கம்பெனி 1980ல் விக்கர்ஸிடம் போனபோது யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. விக்கர்ஸும் உள்ளூர்க் கம்பெனிதானே. விமான இன்ஜின் நிறுவனம் 1987ல் மறுபடி தனியார் ஆனபோதும் அந்த ஷரத்து தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

இதில் ரகசியம் ஏதுமில்லை. விக்கர்ஸுக்கு, பிஎம்டபிள்யூவுக்கு, ஃபோக்ஸ்வாகனுக்கு, மூவருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தேதான் பியெக் 43 கோடி கொடுத்தார். கிரூவையும் சிலையையும் கிரில்லையும் கையில் வைத்திருப்பவரிடம் வெறும் பெயரை வைத்துக்கொண்டு டெர்பி நகரத்து விமான இன்ஜின்காரர்கள் எத்தனை நாள் முரண்டு பிடிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அவர் டெர்பியைச் சரியாக எடைபோடவில்லை.

* * *

டெர்பியின் பதில்

டெர்பி, விமான இன்ஜின் செய்யும் ரோல்ஸ்-ராய்ஸின் ஊர். அதன் தலைவர் சர் ரால்ஃப் ராபின்ஸ் கார் வியாபாரி அல்ல. அவருக்குக் கார் ஒரு நினைவு, அவ்வளவுதான். அவருடைய தொழில் வானத்தில் இருந்தது.

அந்த வானத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். 1990ல் ரோல்ஸ்-ராய்ஸும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து ஜெர்மனியில் ஒரு விமான இன்ஜின் நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். பெர்லின் அருகே டாலெவிட்ஸில் தொழிற்சாலை. அங்கே செய்த இன்ஜின்கள் கல்ஃப்ஸ்ட்ரீம், குளோபல் எக்ஸ்பிரஸ் போன்ற பெருந்தனக்காரர்களின் தனி விமானங்களில் பறந்தன. எட்டு வருடக் கூட்டு.

ஃபோக்ஸ்வாகனுடன் டெர்பிக்கு அப்படி எந்த உறவும் இல்லை.

பெயரைக் கொடுப்பதானால் பிஎம்டபிள்யூவுக்கே என்பதில் டெர்பி பிசகவில்லை. பிஎம்டபிள்யூ அதற்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை 4 கோடி பவுண்டு.

ஒரு பக்கம் 43 கோடி, மறுபக்கம் 4 கோடி. எல்லாவற்றையும் வாங்கியவருக்குப் பெயர் இல்லை. பெயரை வாங்கியவருக்கு வேறு எதுவும் இல்லை.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் ரோல்ஸ்-ராய்ஸ் முகமுள்ள காரைச் செய்யலாம், அதன்மேல் ரோல்ஸ்-ராய்ஸ் என்று எழுத முடியாது. பிஎம்டபிள்யூ ரோல்ஸ்-ராய்ஸ் என்று எழுதலாம், ஆனால் அந்த கிரில்லை வைக்க முடியாது, சிலையை நிறுத்த முடியாது. 1911ல் சார்ல்ஸ் சைக்ஸ் என்ற சிற்பி வடித்த அந்தப் பெண், தான் யாருடைய வண்டியில் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றாள்.

இங்கேதான் அந்த இன்ஜின் ஒப்பந்தம்.

சில்வர் செராஃபில் பிஎம்டபிள்யூவின் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின். ஏப்ரலில் வந்த பென்ட்லி ஆர்நாஜில் பிஎம்டபிள்யூவின் எட்டு சிலிண்டர் இன்ஜின். ஒப்பந்தப்படி பன்னிரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் இன்ஜின் அனுப்புவதை பிஎம்டபிள்யூ நிறுத்திவிடலாம். நிறுத்திவிடுவேன் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. ஒரே ஆண்டுக்குள் இந்த இரண்டு கார்களுக்கும் வேறு இன்ஜின் பொருத்தி, சோதித்து, அனுமதி வாங்கி, விற்பனைக்கு அனுப்ப எந்தப் பொறியாளராலும் முடியாது. பியெக் பொறியாளர். அவருக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூலை நகர்ந்தது. கிரூவில் புத்தம் புதுக் கார்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தன. அடுத்த ஜூலையில் அந்த வரிசை ஓடுமா என்று யாருக்கும் தெரியாது.

* * *

1998 ஜூலை 28

கடைசியில் பியெக்கும் பிஷெட்ஸ்ரீடரும் பேசினார்கள். லண்டனில் அல்ல, கிரூவிலும் அல்ல. தெற்கு ஜெர்மனியில், பவேரியாவில், ஒரு கோல்ஃப் மைதானத்தில்.

ஆங்கிலேயரின் மிகப் பெரிய கார்ப் பெயரின் தலைவிதி இரண்டு ஜெர்மன் கம்பெனிகளின் தலைவர்கள் ஜெர்மன் மண்ணில் உட்கார்ந்து பேசியதில் முடிவானது. இந்தத் தொடருக்காக எத்தனையோ விற்பனைகளைப் படித்துவிட்டேன். இந்த ஒரு காட்சி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஜூலை 28 அன்று அறிவிப்பு வந்தது.

பெயரின் உரிமை பிஎம்டபிள்யூவுக்கு. ஆனால் 2002 டிசம்பர் 31 வரை ஃபோக்ஸ்வாகன் அந்தப் பெயரில் கிரூவில் கார் செய்து விற்றுக்கொள்ளலாம். அதுவரை பிஎம்டபிள்யூ இன்ஜின் கொடுக்கும். 2003 ஜனவரி 1 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் முழுக்க பிஎம்டபிள்யூவுடையது. சிலையும் கிரில்லும் பெயரோடு அங்கே போய்ச் சேரும். பென்ட்லியும் கிரூவும் என்றைக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கே.

1931 முதல் ஒன்றாக இருந்த இரண்டு பெயர்கள் பிரிந்தன.

மறுநாள் பத்திரிகைகளுக்குத் தீர்ப்பு சுலபமாக இருந்தது. 4 கோடிக்கு மாணிக்கத்தை எடுத்துக்கொண்டார் பிஷெட்ஸ்ரீடர், 43 கோடிக்குப் பெட்டியை வாங்கினார் பியெக் என்று எழுதினார்கள்.

தனக்கு ஆரம்பத்திலிருந்தே பென்ட்லிதான் வேண்டியிருந்தது என்று பியெக் பின்னாளில் சொன்னார். முழுக்க நம்ப எனக்கு மனம் வரவில்லை. பென்ட்லி மட்டுமே இலக்கு என்றால், அந்தச் சிலைக்கும் கிரில்லுக்கும் அவ்வளவு நாள் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

ஆனால் பத்திரிகைகளின் தீர்ப்பும் சரியென்று நான் நினைக்கவில்லை. 1990களில் கிரூவின் வாசலைத் தாண்டிய கார்களில் ரோல்ஸ்-ராய்ஸைவிட பென்ட்லியே அதிகம். 1985ல் வந்த டர்போ ஆர், 1991ல் வந்த கான்டினென்டல் ஆர் இரண்டும் அந்தப் பழைய பந்தயப் பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தன. தானே ஓட்ட விரும்பும் பணக்காரர் பென்ட்லி வாங்கினார், பின் இருக்கையில் அமர விரும்பியவர் ரோல்ஸ்-ராய்ஸ் வாங்கினார். பின் இருக்கைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிரில்லை நேர்கோடாகத் தோன்ற வைக்கத் தெரிந்த கைகள் பியெக்கிடம் இருந்தன. அந்தக் கைகளை எந்த உரிமப் பத்திரத்திலும் எழுதி மாற்றிக்கொள்ள முடியாது. 43 கோடியில் விலைமதிப்பில்லாத பகுதி அதுதான் என்பது என் கணிப்பு.

* * *

ஒரு ராஜினாமா

அந்தச் செய்தி கிரூவுக்கு வந்தது.

கிரூவில் ரோல்ஸ்-ராய்ஸ் கார் கம்பெனியின் தலைமை நிர்வாகி கிரஹாம் மோரிஸ். விற்பனைப் பேச்சு நடந்துகொண்டிருந்த மாதங்களில் தொழிலாளர்களிடம் அவர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். யார் வாங்கினாலும் ரோல்ஸ்-ராய்ஸும் பென்ட்லியும் பிரியாது.

அவரைக் கேட்டு அந்த கோல்ஃப் மைதானத்தில் யாரும் முடிவெடுக்கவில்லை. பிரித்தது அவர் அல்ல. பதவியில் நீடித்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். பென்ட்லிக்காகப் பெரும் முதலீடு வரப்போகிறது, அதை நடத்தும் பொறுப்பும் அவருக்கே கிடைத்திருக்கும்.

அவர் ராஜினாமா செய்தார்.

கொடுத்த வாக்கு தவறிவிட்டது, இனி இவர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கோடிகளும் ஷரத்துகளும் நிறைந்த இந்தக் கதையில், சொன்ன சொல்லுக்காக ஒருவர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் பெயர் இன்று பலருக்கு நினைவில்லை. எழுதி வைப்பது நம் கடமை.

அதன்பின் கிரூவில் ஒரு விசித்திரமான காலம் தொடங்கியது. ரோல்ஸ்-ராய்ஸ் இன்னும் நான்கரை ஆண்டுகள் இங்கேதான் செய்யப்படும். செய்கிறவர்களுக்கு முடியும் தேதி தெரியும். கட்டிக்கொடுக்கப் போகும் பெண்ணை வளர்ப்பதுபோல அந்தக் கார்களை அவர்கள் செய்தார்கள்.

* * *

1,618 நாட்கள்

பிஎம்டபிள்யூவின் தலைமையகம் இருந்த மியூனிக்கில் பிஷெட்ஸ்ரீடர் ஜெயித்திருந்தார்.

ஜெயித்தது என்ன? ஒரு பெயர். இரண்டு எழுத்துள்ள முத்திரை. ஒரு சிலை, ஒரு கிரில் வடிவம், அவையும் உடனே அல்ல. தொழிற்சாலை இல்லை. தொழிலாளி ஒருவர்கூட இல்லை. காரின் வரைபடம் ஒரு தாள்கூட இல்லை. சில்வர் செராஃபை எடுத்துக்கொண்டு போக முடியாது, அது கிரூவோடு ஃபோக்ஸ்வாகனிடம் தங்கிவிட்டது.

1998 ஜூலை 28 முதல் 2003 ஜனவரி 1 வரை 1,618 நாட்கள். அதற்குள் ஒரு நிலத்தைத் தேட வேண்டும், தொழிற்சாலை கட்ட வேண்டும், தோலும் மரமும் தெரிந்த ஆட்களைச் சேர்க்க வேண்டும், வெள்ளைத் தாளிலிருந்து ஒரு காரை வரைய வேண்டும். அதைப் பார்ப்பவர் இது ரோல்ஸ்-ராய்ஸ்தான் என்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கட்டினால் ஆங்கிலேயர் ஏற்பார்களா? இங்கிலாந்தில் கட்டினால் எந்த ஊரில்? கிரூவைத் தவிர வேறு எங்கே அந்தக் கைகள் கிடைக்கும்?

இந்தத் திட்டத்துக்கு பிஎம்டபிள்யூவுக்குள் இருந்த ஒரே பெரிய பாதுகாப்பு அதன் தலைவரே. பெயரை விரும்பியவர் அவர், விலை பேசியவர் அவர்.

ஆனால் அவர் வாங்கிய இன்னொரு ஆங்கிலேயச் சொத்து, ரோவர், மாதத்துக்கு மாதம் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. மியூனிக்கில் இயக்குநர்களின் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. கோல்ஃப் மைதானத்து ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம், எட்டு நாள். 1999 பிப்ரவரி 5 அன்று பிஎம்டபிள்யூவின் மேற்பார்வைக் குழு கூடியது. அந்தக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பெர்ண்ட் பிஷெட்ஸ்ரீடர் பிஎம்டபிள்யூவின் தலைவர் இல்லை.

பெயரை வாங்கியவரே போய்விட்டார். தொழிற்சாலை இல்லாத, கார் இல்லாத, ஆள் இல்லாத அந்தப் பெயரை மியூனிக்கில் இனி யார் தன் பிள்ளையாக எடுத்து வளர்க்கப் போகிறார்கள்?

(தொடரும்)